திருமண ஒளிப்படத்திற்கான ஃபிளாஷ்

திருமண ஒளிப்படத்திற்கான ஃபிளாஷ் என்பது, ஒளிப்படக்கருவியின் மேல் பொருத்தப்பட்டு, படம் எடுக்கும் கணத்தில் மிகக் குறுகிய நேரம் வலிமையான ஒளியைத் தரும் விளக்கு ஆகும். திருமண மண்டபம், கோயில் மண்டபம், பந்தல், திறந்தவெளி என ஒரே நாளில் பல ஒளிச் சூழல்களில் படமெடுக்க வேண்டியிருப்பதால், இத்தொழிலில் ஃபிளாஷ் இன்றியமையாத கருவியாக உள்ளது. இதில் வலிமையைவிடக் கையாளும் எளிமையே முதன்மையான தகுதியாகும். தாலி கட்டும் நிகழ்வை மீண்டும் ஒருமுறை நடத்திப் படமெடுக்க இயலாது என்பதே இதற்குக் காரணம். இக்கட்டுரை ஃபிளாஷ் இயங்கும் முறையையும், எளிதில் கையாளக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளையும், திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் பயன்பாட்டையும் விளக்குகிறது.

தமிழ்த் திருமணத்தின் தேவைகள்

தமிழ்த் திருமணங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் காலை நேரத்தில் அமைகிறது. சில திருமணங்கள் விடியுமுன்பே தொடங்கிவிடுகின்றன. கெட்டிமேளம் முழங்கும்போது தாலி கட்டப்படுகிறது. மணமகன் முதல் முடிச்சைப் போட, அடுத்த இரு முடிச்சுகளை மணமகனின் சகோதரி போடுவது பல சமூகங்களில் வழக்கம். இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடும். அதே நேரத்தில் உறவினர்கள் சூழ்ந்து நின்று அட்சதை தூவுவர். ஒளிப்படக் கலைஞருக்கு அமைப்புகளை மாற்ற நேரம் இருப்பதில்லை.

இச்சூழலின் தனிச் சிக்கல்கள் பின்வருமாறு:

* ஓமப் புகை: கருவியின் மேலிருந்து நேராகச் செல்லும் ஒளி புகையில் பட்டுத் திரும்புவதால், படத்தில் வெண்மூட்டம் தோன்றும்.
* வெண்ணிற உடை: மணமகனின் பட்டு வேட்டியும் சட்டையும் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, தானியங்கி அளவீடு காட்சி மிகுந்த வெளிச்சமாக உள்ளது எனக் கணித்து ஒளியைக் குறைத்துவிடும். முகங்கள் இருண்டு போகும்.
* சரிகையும் நகைகளும்: இவை ஒளியை நேராகத் திருப்பி அனுப்பி, படத்தில் விவரமற்ற வெண்புள்ளிகளை உண்டாக்கும்.
* கலப்பு ஒளி: நிகழ்படக் குழுவினரின் விளக்கு, மேடை விளக்கு, குழல் விளக்கு, சன்னல் வழி வரும் பகலொளி ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறம் கொண்டவை.

இயங்கும் முறை

மின்கலங்களின் குறைந்த மின்னழுத்தம், ஃபிளாஷினுள் உள்ள மின்சுற்றால் ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. ஷட்டர் திறக்கும்போது, செனான் வளிமம் நிரம்பிய குழாய்க்குச் சில ஆயிரம் வோல்ட் தூண்டு மின்னழுத்தம் அளிக்கப்படுகிறது. வளிமம் மின்கடத்தியாக மாறி, சேமித்த ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. இவ்வொளி முழு வலிமையில் ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கும், குறைந்த வலிமையில் சில ஆயிரத்தில் ஒரு பங்கும் அதனினும் குறைவாகவும் நீடிக்கிறது. ஒளியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்மையில் அது நீடிக்கும் நேரத்தை மாற்றுவதே ஆகும்.

மின்தேக்கி மீண்டும் நிரம்ப எடுக்கும் நேரம் மீள்நிரம்பு நேரம் எனப்படும். நான்கு சிறு மின்கலங்களில் இயங்கும் ஃபிளாஷ் முழு வலிமையில் வெளிப்பட்டபின் மீண்டும் நிரம்பச் சுமார் 3 முதல் 5 நொடிகள் ஆகலாம். முதல் முடிச்சில் முழு வலிமையும் செலவானால், மூன்றாம் முடிச்சு முடியும்வரை அடுத்த ஒளி கிடைக்காமல் போகக்கூடும். கால் பங்கு வலிமையில் இயங்கினால் ஏறத்தாழ ஒரு நொடியிலேயே அது ஆயத்தமாகிவிடும்.

ஒத்திசைவு வேகம்

பெரும்பாலான கருவிகளில் ஷட்டர் இரு திரைகளால் ஆனது. இரு திரைகளும் விலகி உணரி முழுவதும் திறந்திருக்கும் மிக உயர்ந்த வேகமே ஒத்திசைவு வேகம் ஆகும். இது பொதுவாக 1/200 அல்லது 1/250 நொடி. இதைவிட வேகமாக எடுத்தால் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். மிகைவேக ஒத்திசைவு என்னும் முறையில் ஃபிளாஷ் தொடர்ந்து துடித்து இக்குறையை நீக்குகிறது. ஆனால் அதன் பயனுறு வலிமை வெகுவாகக் குறைந்துவிடும்.

வழிகாட்டு எண்

ஃபிளாஷின் வலிமை வழிகாட்டு எண்ணால் குறிக்கப்படுகிறது. அதை வில்லைத் துளையின் எஃப் எண்ணால் வகுத்தால், சரியான ஒளி கிடைக்கும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஐ.எஸ்.ஓ. 100 இல் வழிகாட்டு எண் 40 ஆகவும், துளை எஃப்/4 ஆகவும் இருந்தால் தொலைவு 10 மீட்டர். ஐ.எஸ்.ஓ. நான்கு மடங்கானால் தொலைவு இரு மடங்காகும். எதிர் இருமடி விதிப்படி, தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவதே இதன் அடிப்படை.

விளம்பரங்களில் காணப்படும் வழிகாட்டு எண்களை நேரடியாக ஒப்பிடுதல் தவறாகும். கேனான் ஸ்பீட்லைட் 600 இ.எக்ஸ்.-ஆர்.டி. யின் எண் 60, நிக்கான் எஸ்.பி.-910 இன் எண் 34 எனக் குறிப்பிடப்படுகிறது. முன்னது ஒளிக்கற்றையை 200 மில்லிமீட்டர் வில்லைக்கேற்பக் குவித்தும், பின்னது 35 மில்லிமீட்டருக்கேற்ப விரித்தும் அளவிடப்பட்டவை. இரண்டையும் 35 மில்லிமீட்டர் நிலையில் ஒப்பிட்டால் வேறுபாடு மிகச் சிறியதே.

வரலாறு

1887 ஆம் ஆண்டு செருமனியில் மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் தூள் உருவாக்கப்பட்டது. இது புகையும் தீ விபத்து அபாயமும் மிக்கது. 1929 ஆம் ஆண்டளவில் ஒருமுறை மட்டுமே பயன்படும் ஃபிளாஷ் குமிழ்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு எட்கர்ட்டன் 1930களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க மின்னணு ஃபிளாஷை வளர்த்தெடுத்தார்.

எளிமையை நோக்கிய பெரும் மாற்றம், வில்லையின் வழியே வரும் ஒளியைக் கருவியே அளந்து ஃபிளாஷை நிறுத்தும் டி.டி.எல். முறையால் ஏற்பட்டது. 1975 இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-2 இம்முறையைக் கொண்டிருந்தது. பின்னர் 1995 இல் கேனான் நிறுவனமும், 2003 இல் நிக்கான் நிறுவனமும், படத்திற்கு ஒரு கணம் முன்னர் சிற்றொளி ஒன்றை வெளியிட்டு அளக்கும் இ-டி.டி.எல்., ஐ-டி.டி.எல். முறைகளை அறிமுகப்படுத்தின.

எளிதில் கையாளத்தக்க ஃபிளாஷின் தகுதிகள்

* டி.டி.எல். தானியங்கி அளவீடு: மணமக்கள் நகர்ந்தாலும் ஒளியளவு தானே சரிசெய்யப்படும். இது கருவியின் நிறுவன முறைக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்திற்கென உருவாக்கப்பட்ட ஃபிளாஷ் மற்றொன்றில் முழுமையாக இயங்காது.
* எல்லாப் பக்கமும் திரும்பும் தலை: மேற்கூரையை நோக்கி மட்டுமன்றி, கருவியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போதும் சுவரையோ கூரையையோ நோக்கித் திருப்ப இயலவேண்டும்.
* ஒளித்திருத்தம் செய்ய நேரடிப் பொத்தான்: பல பட்டியல்களுக்குள் சென்று தேடவேண்டிய அமைப்பு முகூர்த்த நேரத்தில் பயன்படாது.
* விரைந்த மீள்நிரம்பு நேரம்: லித்தியம் மின்கலத் தொகுப்புக் கொண்டவை இதில் சிறந்தவை. சிறு மின்கலங்களில் இயங்குபவற்றிற்கு மீள்மின்னேற்றத்தக்க நிக்கல் மின்கலங்கள் சாதாரண ஆல்கலைன் மின்கலங்களைவிட ஏற்றவை.
* மிதமான எடை: மிகக் கனமான ஃபிளாஷ் சிறிய கருவியின் மேல் சமநிலையைக் கெடுத்துக் கையைத் தளரச் செய்யும்.

வலிமையை முழுவதும் கையால் அமைக்கும் ஃபிளாஷ்கள் விலை குறைந்தவை. தொலைவு மாறாத குழுப் படங்களுக்கு அவை போதுமானவை. நடந்துகொண்டே எடுக்கவேண்டிய மணமகள் அழைப்பு, மாலை மாற்றுதல் போன்றவற்றிற்கு டி.டி.எல். வகையே எளிது. பழைய ஃபிளாஷ்களை வாங்குவோர் அவற்றின் தூண்டு மின்னழுத்தத்தை அறிதல் வேண்டும். 1970களின் சில ஃபிளாஷ்கள் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் வெளியிடுவதால், எண்ணிமக் கருவியின் மின்சுற்றைப் பழுதாக்கக்கூடும்.

தெறிப்பொளி முறை

ஃபிளாஷின் தலையை வெண்ணிறக் கூரை நோக்கித் திருப்பினால், ஒளி கூரையில் பட்டுப் பரவி மென்மையாகக் கீழிறங்கும். இதுவே தெறிப்பொளி. முகத்தின் மேல் வன்மையான நிழல் விழாது. நகைகளின் கூசொளி குறையும். ஓமப் புகையும் கருவியின் திசையிலிருந்து ஒளியைப் பெறாததால் மூட்டம் தணியும்.

இதற்குத் தேவைப்படும் வலிமையைக் கணக்கிடலாம். 35 மில்லிமீட்டர் நிலையில் வழிகாட்டு எண் 36 கொண்ட ஃபிளாஷின் ஒளி, கூரைக்கு 3 மீட்டர், அங்கிருந்து மணமக்களுக்கு 4 மீட்டர் என 7 மீட்டர் பயணம் செய்வதாகக் கொள்வோம். கூரையில் பட்டுச் சிதறுவதால் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைவதாகக் கொண்டால், எட்டும் தொலைவு 2.8 ஆல் வகுபடும்.

* ஐ.எஸ்.ஓ. 200, எஃப்/4: எட்டும் தொலைவு சுமார் 4.5 மீட்டர். முழு வலிமையும் போதாது.
* ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/4: எட்டும் தொலைவு சுமார் 13 மீட்டர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலிமையே போதும்.

எனவே தற்கால எண்ணிமக் கருவிகளில் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துவது, இன்னும் பெரிய ஃபிளாஷ் வாங்குவதைவிடப் பயனளிக்கிறது. மீள்நிரம்பு நேரம் குறைவதுடன் பின்னணியின் இயல்பான ஒளியும் படத்தில் பதிவாகும்.

வெண்ணிற உடை நிறைந்த காட்சிக்கு ஃபிளாஷ் திருத்தத்தை +2/3 முதல் +1 வரை உயர்த்துதலும், இருண்ட மேடைப் பின்னணியில் கருநிறக் கோட்டு அணிந்த வரவேற்புக் காட்சிக்குச் சற்றுக் குறைத்தலும் பொதுவான வழக்கம். ஃபிளாஷ் ஒளியின் நிறவெப்பநிலை சுமார் 5500 கெல்வின். ஆலசன் விளக்கினுடையது சுமார் 3200 கெல்வின். ஆலசன் ஒளி மிகுந்த மண்டபங்களில் ஃபிளாஷின் முன் செம்மஞ்சள் வண்ணத் தாளைப் பொருத்தினால், முகம் நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் பிரிந்து தோன்றுவது தவிர்க்கப்படும்.

ரமணாசிரமம் பகுதி: ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலையில் அருணாசல மலையின் தென் அடிவாரத்தில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை இதன் முன்னே செல்கிறது. இவ்வூரில் எடுக்கப்படும் திருமணப் படங்கள் மூன்று வேறுபட்ட ஒளிச் சூழல்களைக் காட்டுகின்றன.

திருமண மண்டபம்: வெண்ணிறக் கூரை இருந்தால் தெறிப்பொளி எளிதாகும். அலங்காரத்திற்காகச் சிவப்பு அல்லது மஞ்சள் துணி கட்டப்பட்டிருந்தால், தெறிக்கும் ஒளியும் அந்நிறத்தைப் பெற்று முகங்களில் படியும். அப்போது ஃபிளாஷின் தலையில் சிறு வெண்ணிற அட்டையைப் பொருத்தி ஒளியை முன்னோக்கித் திருப்புதல் நன்று.

கருங்கல் மண்டபம்: கோயில்களின் கல் மண்டபங்களில் கூரை உயரமாகவும் கருமையாகவும் இருப்பதால் தெறிப்பொளி ஏறக்குறைய கிடைக்காது. அனுமதி உள்ள இடங்களில், உதவியாளர் ஒருவர் பக்கவாட்டில் பிடிக்கும் குடைவிளக்கோ, நேரடி ஒளியைக் குறைந்த அளவில் கலப்பதோ வழியாகும்.

திறந்தவெளி: ஆசிரமப் பகுதியிலிருந்து மலையைப் பின்னணியாகக் கொள்ளும்போது கருவி வடக்கு நோக்கியிருக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் கதிரவன் தென்வானில் இருப்பதால் ஒளி மணமக்களின் முகத்தில் விழும். ஆனால் இவ்வூர் ஏறத்தாழ 12.2 பாகை வட அகலக்கோட்டில் உள்ளதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகத்து நடுப்பகுதி வரை நண்பகல் கதிரவன் தலைக்கு மேலாகச் சற்று வடக்கே நிற்கும். வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குப் பின் நண்பகலில் எடுக்கும் படங்களில் கண்குழிகளில் கருநிழல் விழுவது இதனாலேயே. இந்நிழலை நீக்க நிரப்பொளி தேவை. கடும் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 நொடியில் துளை சுமார் எஃப்/11 ஆக இருக்கும். வழிகாட்டு எண் 40 கொண்ட ஃபிளாஷ் அப்போது சுமார் 3.6 மீட்டர் வரை எட்டும். மணமக்கள் இருவருக்கும் இது போதும். பெரிய குழுவிற்குப் போதாது. குழுவினரை மர நிழலுக்கு அழைத்துச் செல்வதே எளிய தீர்வு.

ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டிய இடங்கள்

கோயில் கருவறைகளில் படமெடுக்க அனுமதி இல்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைபேசிப் பயன்பாட்டைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. எனவே கோயிலில் நடைபெறும் திருமணங்களுக்குப் படக்கருவி குறித்த அனுமதியை முன்னதாகவே நிர்வாகத்திடம் பெறுதல் வேண்டும். தியானம் நடைபெறும் கூடங்களில் ஃபிளாஷ் ஒளி அங்குள்ளோரின் அமைதியைக் குலைக்கும்.

ஃபிளாஷைத் தவிர்த்த புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன், 1950 ஏப்ரல் 14 அன்று இரமண மகரிசி மறைந்தபோது ரமணாசிரமத்தில் இருந்தார். மகரிசியின் இறுதி நாட்களை அவர் படமெடுத்துள்ளார். படமெடுக்கப்படுவோரின் இயல்பைக் குலைக்காத வகையில் இருக்கும் ஒளியிலேயே படமெடுத்தல் அவரது முறையாகும். திருமணத்திலும் பெற்றோர் கண்ணீர் மல்க மகளை வழியனுப்பும் வேளை, விளக்கேற்றும் வேளை போன்றவற்றில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, துளையை அகலத் திறந்து, ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தி எடுத்தல் பொருத்தமானது. இதற்கு ஃபிளாஷின் இயக்குபொத்தான் பார்க்காமலே விரலால் அறியத்தக்க இடத்தில் இருப்பதும் எளிமையின் ஒரு பகுதியாகும்.

முகூர்த்தத்திற்கு முன் செய்யவேண்டியவை

* மின்கலங்களை முழுமையாக மின்னேற்றி, மாற்றுத் தொகுப்பு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருத்தல்.
* மணமேடையில் எவரையேனும் அமரச் செய்து, வெண்ணிற உடைக்கான ஒளித்திருத்தத்தை முன்னரே முடிவு செய்தல்.
* ஓமப் புகை செல்லும் திசையைக் கவனித்து, புகைக்கு எதிர்ப்புறம் நிற்கும் இடத்தைத் தெரிவு செய்தல்.
* ஷட்டர் வேகம் ஒத்திசைவு வேகத்திற்கு உட்பட்டுள்ளதா எனச் சரிபார்த்தல்.
* கெட்டிமேளத்திற்கு முன் சில நொடிகள் படமெடுப்பதை நிறுத்தி, மின்தேக்கி முழுமையாக நிரம்ப இடமளித்தல்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒளிப்படக்கலை
* மின்தேக்கி
* செனான்
* நிறவெப்பநிலை
* திருவண்ணாமலை