கடனோடு அடகும் கழியும் சட்டம்

அருமனை, களியல், கடையாலுமூடு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கும் முந்திரி ஆலைக்கும் வெளியூர் செங்கல் சூளைக்கும் போகிற நம் மக்களுக்கு 'அட்வான்ஸ்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முதலாளி தரும் முன்பணம். அதில் தவறில்லை. ஆனால் பணம் தீரும்வரை வேறு வேலைக்குப் போகாதே என்று தடுத்தாலோ, அதைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தாலோ, அது கொத்தடிமைக் கடன். சங்கிலியும் சவுக்கும் இருந்தால்தான் கொத்தடிமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட அடிமை முறையைத் திருவிதாங்கூர் அரசு 1855-லேயே ஒழித்துவிட்டது. இப்போது கட்டிவைப்பது கணக்கு நோட்டு.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இந்த நோட்டைக் கிழித்தெறிகிறது. அன்று பாக்கியிருந்த கொத்தடிமைக் கடன் முழுவதும் 6-ஆம் பிரிவின்படி ஒழிந்தது. அதன் பிறகு போடப்படும் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் செல்லாது. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. 7-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தக் கடனுக்காகத் தொழிலாளியின் சொத்தின் மேல் இருந்த அடமானம், பற்றுரிமை எல்லாம் கடனோடு சேர்ந்தே நீங்கிவிடும். விடுவிக்கப்பட்டவரைக் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றவும் கூடாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்ற திவால் சட்டங்களைப் பார்த்தால்தான் புரியும். கடன் கழிந்தாலும் அடகு கழியாது என்பதே உலக வழக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் ஒரு வழக்கில், நிலத்தின் விலை விழுந்துவிட்டது என்பதற்காக அதன் மேலுள்ள அடமானத்தைக் குறைக்க முடியாது என்றது. நம் நாட்டின் 2016 திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என்றொரு பகுதி உண்டு. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டாமலும் சொந்த வீடு இல்லாமலும் இருந்தால் கடனைக் கழிக்கலாம். அதிலும் அடகுக் கடன் சேராது. அந்தப் பகுதியோ அமலுக்கே வரவில்லை. கம்பெனிகளுக்கான கதவு மட்டும் 2016 டிசம்பரிலேயே திறந்துவிட்டது!

'முன்பணம் வாங்கியதற்கு ஆதாரம் எங்கே' என்று கேட்டு நம்மவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கும் பதில் இருக்கிறது. பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில், 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று காட்டினால் போதும்; முன்பணத்துக்காகத்தான் அது நடக்கிறது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய வேலைதான் என்று ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாரத் தவணைக் குழுக் கடனுக்கு 1976 சட்டம் பொருந்தாது. ஆனாலும் சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, தொழிலாளியின் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. கட்ட வழியில்லாத நேர்மையான கடனாளியைச் சிறையில் தள்ள முடியாது என்று கொச்சின் வங்கி வழக்கில் 1980-இல் வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

கொத்தடிமைப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ கொடுக்கலாம். விசாரணையில் உறுதியானால் விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் முதல் காகிதம். வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. குழித்துறை நீதிமன்ற வளாகத்தில் கேட்கலாம். இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் உறுப்பினராக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டுவிடலாம். கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாமே.