விழப் பார்த்தேன்

'நாளைக்கு மழை பெய்தால் வரமாட்டேன்' என்கிறோம். மழை நாளைக்குத்தான், ஆனால் 'பெய்தால்' என்பதற்குள் ஒளிந்திருப்பது இறந்தகாலம். பல்கேரியருக்கு இது வேடிக்கையாகப் படலாம். வரக்கூடிய மழைக்கு அவர்கள் நிகழ்காலத்தையே போடுகிறார்கள்: 'அகோ வலி, ந்யாமா த தோய்த.' 'அகோ'தான் அவர்களுடைய 'ஆல்'. வினையின் வாலில் ஒட்டாமல் தொடரின் தலையில் நிற்கும். 'வலி' என்றால் மழை பெய்கிறது என்று பொருள், நோவு இல்லை. 'ந்யாமா' தனித்து நின்றால் 'இல்லை'. ஆக, 'மழை பெய்தால் வருவதாக இல்லை'.

கையில் இல்லாத பணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர்களும் இறந்தகாலத்துக்குத் தாவுகிறார்கள். 'அகோ இமாஹ் பரி, ஷ்த்யாஹ் த கூப்ய கஷ்தா': பணம் இருந்தால் வீடு வாங்குவேன். 'இமாஹ்' என்பதன் நேர்ப்பொருள் 'என்னிடம் இருந்தது'. இருந்ததாகச் சொல்வதே இல்லை என்பதற்கு அடையாளம்! இதே வாக்கியம் 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்றும் பொருள்படும். எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

என்னை அசத்தியது 'ஷ்த்யாஹ்'. பல்கேரிய மொழியில் எதிர்காலத்தைக் காட்டும் சொல் 'ஷ்தெ'. 'விரும்பு' என்ற பழைய வினை தேய்ந்து தேய்ந்து, தன்மை முன்னிலை வேறுபாட்டையும் இழந்து, இந்த ஓரசையாகச் சுருங்கியது. பக்கத்து கிரேக்கத்தின் 'தா'வும் இப்படி விருப்பத்திலிருந்து பிறந்ததே. அந்த வினையின் இறந்தகாலம்தான் 'ஷ்த்யாஹ்'. இது இன்னும் தேயவில்லை. நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். 'அகோ' இல்லாமல் 'ஷ்த்யாஹ் த பாத்ன' என்று மட்டும் சொன்னால் என்ன பொருள் தெரியுமா? 'விழ இருந்தேன்', மயிரிழையில் தப்பினேன். நாம் 'விழப் பார்த்தேன்' என்கிறோமே, அதேதான். விழ யார் ஆசைப்படுவார்கள்? விழுவதற்கு அவர்கள் விருப்பத்தை இரவல் வாங்கினார்கள், நாம் பார்வையை.

மனமுவந்து செய்வதைச் சொல்ல அவர்களிடம் 'பிஹ்' என்று வேறொரு வடிவம் இருக்கிறது. பணிவாகக் கேட்கவும் அதுவே. கூட வரும் வினை பேசுபவர் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். சோஃபியாவில் காபி கேட்க நேர்ந்தால் ஆண்கள் 'பிஹ் இஸ்கால் கஃபே' என்று சொல்லுங்கள். பெண்கள் 'பிஹ் இஸ்காலா கஃபே'.