தமிழ்நாட்டுக்குப் போகிறீர்களா? விசாப் படிவத்தை நீங்களே வாசியுங்கள்

கச்சதீவு அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மாசி பங்குனி வாக்கில் குறிகட்டுவானிலிருந்து நம்மவர்கள் படகேறுகிறார்கள். இராமேஸ்வரத்திலிருந்து தமிழ்நாட்டவர்கள் வருகிறார்கள். இரண்டு கரைச் சனமும் ஒரே மணலில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் பூசை கண்டு திரும்புகிறது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே வந்துபோக இலங்கையின் பயணப் பத்திரமோ விசாவோ தேவையில்லை என்கிறது. அந்தச் சிறு தீவை விட்டால் மற்ற எல்லாக் கரைக்கும் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும்.

இப்போது கடல் கடப்பது மிகவும் சுலபம். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. கொரோனாவில் நின்றது 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சி விமானமும் சேர்ந்தது. கடல் வழியில் 2023 ஒக்டோபரில் 'செரியபாணி' நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்து, சில நாட்களில் நின்றுபோனது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. முன்பு இரவு முழுக்கக் கொழும்பு பஸ்ஸில் இருந்து, கட்டுநாயக்காவில் காத்துக் கிடந்து போன சென்னைக்கு, இன்று காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுப் போகலாம்.

இந்தச் சுலபம்தான் நம்மை ஏமாற்றுகிறது. தூரம் குறைந்தால் பத்திர வேலையும் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். "அது ஏஜென்சிக்காரர் பார்த்துக்கொள்ளுவார்" என்று கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, சீலை வாங்கும் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறோம். படிவத்தில் ஏஜென்சிக்காரர் எழுதும் ஒவ்வொரு பதிலும் உங்கள் வாக்குமூலம். அதில் பிழை இருந்தால் குடிவரவு அதிகாரியின் முன்னால் நிற்கப்போவது நீங்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

இந்தியா போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா. இதற்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் 2010 நவம்பரிலிருந்து இருக்கிறது. கடவுச்சீட்டைச் சில நாட்கள் கொடுத்துவைக்க வேண்டும். மற்றது இ-விசா. இலங்கையருக்கு 2015இலிருந்து உண்டு. வீட்டிலிருந்தே விண்ணப்பித்து, வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தையும் கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தையும் ஏற்றி, கட்டணத்தைக் கட்டினால், அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும். பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் பத்து நாளாவது விடுங்கள். படம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி ஏற்ற அவகாசம் வேண்டுமே. விண்ணப்பிக்கும் தளத்தின் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அரசாங்கத் தளம்போலவே தோற்றம் காட்டி இரட்டிப்புப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் ஏராளம். தேடும்போது அவைதான் மேலே வந்து நிற்கும்.

இ-விசாவில் பலர் இடறி விழுவது இறங்கும் இடத்தில். இந்த விசாவோடு குறித்த சில விமான நிலையங்கள், துறைமுகங்கள் போன்ற இடங்கள் வழியாக மட்டுமே உள்ளே போகலாம். சென்னையும் திருச்சியும் பட்டியலில் உண்டு. துறைமுகங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. நாகபட்டினம் அதில் இருக்கிறதா என்று உங்கள் பயணத் திகதிக்கு முன்பாகத் தளத்தில் பார்த்த பிறகே கப்பல் ரிக்கெற் எடுங்கள். திரும்பி வருவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அனுமதி பெற்ற எந்தக் குடியகல்வுச் சாவடி வழியாகவும் வெளியேறலாம். ஆகவே திருச்சிக்குப் பறந்து இறங்கி, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேரலாம்.

அடுத்தது திகதி. 30 நாள் இ-விசாவின் அனுமதிக் கடிதத்தில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். அது எந்த நாளுக்குள் இந்தியாவுக்குள் நுழைய வேண்டும் என்பதைச் சொல்கிறது. தங்கும் 30 நாள் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஒரு வருட இ-விசாவின் கணக்கு வேறு. அது அனுமதி கிடைத்த நாளிலிருந்தே ஓடும். இந்த இரண்டையும் குழப்பி, இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருப்பவர்களும் உண்டு, நாள் முடிந்துவிட்டது என்று பயந்து ஓடிவருபவர்களும் உண்டு.

இனி, நம்மவர்களுக்கே உரிய பெரிய தொல்லைக்கு வருகிறேன். அது பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். தகப்பன் கந்தையா, மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம், மற்றப் பெயர்களுக்கென்று ஒரு கட்டம். எதில் கந்தையா ஏறியது, எதில் சிவகுமார் ஏறியது என்பது அன்று விண்ணப்பத்தை நிரப்பியவரின் கைக்கு வந்தபடி. அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தம்பிக்கு இன்னொரு விதமாகவும் இருப்பது சர்வசாதாரணம். விசாப் படிவத்தை நிரப்பும்போது எது சரி என்று நியாயம் பார்க்காதீர்கள். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதையே அதே கட்டத்தில் எழுதுங்கள். இயந்திரம் வாசிப்பது கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை. 'சிவ' என்பதற்கு எஸ் மட்டும் போட்டிருக்கிறதா, எச்சும் சேர்த்திருக்கிறதா, 'த' வருமிடத்தில் ரீயோடு எச் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு எழுத்தாக அந்த வரிகளோடு ஒப்பிட வேண்டும். ரிக்கெற்றிலும் அதே எழுத்துக்கள் வேண்டும்.

என் சின்னம்மா சிதம்பரம் போக ஆசைப்பட்டார். ஆறுமுக நாவலர் 1864இல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர், ஆனித் திருமஞ்சனம் ஒரு தரம் பார்த்துவிட வேணும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ரிக்கெற் போட்டவர் தொலைபேசியில் கேட்ட பெயரைக் காதுக்குப் பட்டபடி அடித்துவிட்டார். பயணத்துக்கு முதல்நாள் இரவு நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரெழுத்து இல்லை. "ஒரு எழுத்துத்தானே பிள்ளை, நான்தான் எண்டு தெரியாதே?" என்றார் சின்னம்மா. தெரியும்தான். ஆனால் விமானக் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. சரியான பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமானக் கம்பனிக்குத் தண்டம் விழும். கவுண்டரில் அவர்கள் கடுமையாக நிற்பதற்குக் காரணம் அதுதான். அன்றிரவு திருத்தக் கூடுதல் காசு கட்டினோம். சின்னம்மா திருமஞ்சனம் பார்த்தார். காசு போனதைவிட அந்த இரவு நித்திரை இல்லாமல் அவர் விறாந்தையில் இருந்ததுதான் இன்னும் என் மனதில் நிற்கிறது.

கலியாணமான பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. கடவுச்சீட்டு தகப்பன் பெயரில், வீட்டில் வழங்குவது கணவன் பெயரில். கணவன் ரிக்கெற் போடும்போது தன் பெயரைச் சேர்த்துவிடுகிறார். செய்யாதீர்கள். படிவம் கணவன் பெயரைத் தனியாகக் கேட்கும், அங்கே எழுதலாம்.

படிவம் தாய் தகப்பனின் பெயர், பிறந்த இடம், பிறந்த நாடு எல்லாம் கேட்கும். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் நாட்டவராக இருந்தார்களா என்றும் கேட்கும். நமக்குப் பொருந்தாத கேள்வி என்று தாண்டாமல் 'இல்லை' என்று குறியுங்கள். கடந்த மூன்று ஆண்டில் சார்க் நாடு எதற்கும் போனீர்களா, இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார், இலங்கையில் யார் என்பனவும் வரும். இந்தியத் தொடர்புக்குச் சொந்தக்காரரின் பெயரைக் கொடுத்தால் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவையுங்கள்.

முன்பு இந்தியா போனதுண்டா என்ற கேள்வியில் நம் வீடுகளில் பேனா நின்றுவிடுகிறது. போர்க்காலத்தில் இரவோடிரவாகப் படகேறி மண்டபத்தில் இறங்கியவர்கள், முகாமில் படித்தவர்கள், அங்கேயே பிறந்தவர்கள் இன்று வடமராட்சியிலும் வலிகாமத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அன்று கையில் விசா இல்லை. அதை எழுதினால் மறுத்துவிடுவார்களோ என்று பயம். 'போனதில்லை' என்று எழுதச் சொல்லி ஆலோசனை கூறுபவர்களும் உண்டு. அந்த ஆலோசனை தவறு. பிறந்த இடம் இந்தியா என்று கடவுச்சீட்டே சொல்லும்போது 'போனதில்லை' என்று எழுதினால் பொய் உங்கள் கையெழுத்தோடு நிற்கும். அப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் இ-விசாவை விட்டு, இருக்கிற முகாம் பதிவு, பிறப்புச் சான்றிதழ், திரும்பி வந்த பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துணைத்தூதரகத்தில் நேரடியாக விண்ணப்பிப்பதே நல்லது என்று நினைக்கிறேன். உயிரைக் காக்கக் கடல் கடந்தது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. வேறு நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் இதுவே பொருந்தும். அந்தக் கேள்வியும் படிவத்தில் உண்டு.

போகும் நோக்கத்தையும் உள்ளபடி எழுதுங்கள். கோயில், ஊர் பார்ப்பது, சொந்தக்காரரைக் காண்பது, கலியாணச் சாமான் வாங்குவது எல்லாம் சுற்றுலா விசாவுக்குள் அடங்கும். சத்திர சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவ விசாவில் போக வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் தேவை. கூட நின்று பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு உதவியாளர் விசா உண்டு. மருத்துவ இ-விசா 60 நாள், மூன்று தடவை போய்வரலாம். இரண்டாவது பரிசோதனைக்குத் திரும்பிப் போக வேண்டி வரும்போது அதன் அருமை தெரியும்.

பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒன்று, தங்கும் வீட்டைப் பற்றியது. இந்தியாவில் வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பவர் 24 மணித்தியாலத்துக்குள், முன்பு 'சி' படிவம் என்று சொன்ன அறிவிப்பை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் கொடுக்க வேண்டும். ஹொட்டேல்காரர்கள் தாங்களாகவே செய்துவிடுவார்கள். வளசரவாக்கத்திலோ திருச்சியிலோ இருக்கும் உங்கள் மாமி வீட்டிலும் செய்யத்தான் வேண்டும். மாமிக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே மொழி, அதே சாப்பாடு, அதே தேவாரம் என்றிருக்கும்போது நாம் அங்கே வெளிநாட்டவர் என்பது மறந்துபோகிறது. சட்டம் அதை மறப்பதில்லை.

கப்பலில் திரும்புகிறவர்கள் விசா முடியும் நாளுக்கு ரிக்கெற் போடாதீர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் சேவை நிற்பது வழக்கம். மற்ற மாதங்களிலும் கடல் கொந்தளித்தால் ஓட்டம் இல்லை. 30 நாள் இ-விசாவை நீட்டிக்க முடியாது. கப்பல் ஓடவில்லை என்பதற்காக நாள் கூட்டித் தரமாட்டார்கள். மூன்று நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை கடவுச்சீட்டு. இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். முன்பெல்லாம் புதுக் கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கோ வவுனியாவுக்கோ ஓட வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்தார்கள். கிழவர்களையும் கைப்பிள்ளைக்காரரையும் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றிப்போன வீட்டுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

கனடா, ஜேர்மனி, இலண்டனிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இலங்கைக்கு வர எடுக்கும் ஈ.ரி.ஏ. அனுமதி 30 நாள், இரண்டு தடவை நுழையலாம். அதற்குரிய தளம் 'ஜிஓவி.எல்கே' என்று முடியும். ஊரில் நின்றபடி ஒரு கிழமை தமிழ்நாடு போய்வர அந்த இரண்டாவது நுழைவு உதவும். ஆனால் அவர்களின் இந்திய விசா கனடாக் கடவுச்சீட்டுக்கோ ஜேர்மன் கடவுச்சீட்டுக்கோ உரிய விதிப்படிதான். அம்மாவுக்கு வந்த விதி மகனுக்கு வராது. எல்லாருக்கும் ஒரே படிவத்தைப் பார்த்து நிரப்பினால் பலாலியில் குடும்பம் பிரிந்து நிற்க நேரும்.

2025 ஒக்டோபரிலிருந்து இந்தியாவில் இறங்கும் வெளிநாட்டவருக்கு இணைய வருகை அட்டை வந்திருக்கிறது. பயணத்துக்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. அதை நிரப்பித் தரக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தை இரண்டு பிரதி அச்சடித்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைக் கூட வருபவரின் பையிலும் வையுங்கள். கைத்தொலைபேசியில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். வரிசையில் நிற்கும்போதுதான் பற்றரி தீரும்.