சின்னத்திரைச் சீமாட்டிகள் – 11: மாமியார் பெயரில் மசாலா

‘சித்தி’யும் ‘கோலங்கள்’ அபியும் போன இதழோடு முடிந்தார்கள். தவறவிட்டவர்கள் பழைய புத்தகக் கட்டைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சீரியல் ஆண்களை, முதலில் ‘பாக்கியலட்சுமி’ தொடரின் புருஷன் கோபியை, ஒரு பிடி பிடிப்பதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் புனே போக நேர்ந்ததால் மனிதர் தப்பித்தார்.

கோர்படி, டீசல் லோகோ ஷெட்டும் ராணுவக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து இருக்கும் பகுதி. ரயிலையும் ராணுவத்தையும் நம்பி வந்து அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படியொரு வீட்டில் என் தூரத்து உறவு அத்தை, ரிமோட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நாலு வருஷம் ஒரே புருஷனை ரெண்டு பாஷையில திட்டியிருக்கேன்டா.”

சங்கதி இதுதான். 2019 ஜூனில் ‘ஸ்ரீமொயி’ என்றொரு வங்காளத் தொடர் வந்தது. குடும்பத்துக்கே உழைத்துத் தேய்ந்த நடுவயதுக்காரி, அவளை மதிக்காத கணவன், அவனுக்கு வெளியே இன்னொருத்தி. அதே டிசம்பரில் கதை மராத்திக்குப் போய் ‘ஆயி குட்டே காய் கர்தே’ ஆனது. 2020 ஜூலை 13-ல் இந்தியில் ‘அனுபமா’. இரண்டே வாரம் கழித்து விஜய் டிவியில் நம் ‘பாக்கியலட்சுமி’. அத்தை தமிழை வீட்டிலும், மராத்தியைப் பக்கத்து வீட்டு சோபாவிலும் பார்த்தவர்.

புருஷன் எல்லா மொழியிலும் ஒரே அச்சு. பெண்டாட்டியின் திறமைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. மராத்தி அருந்ததி பாடுகிறாள். அனுபமா ஆடுகிறாள். பாக்கியா? “அவளுக்குப் பாட்டு, இவளுக்கு ஆட்டம், நம்மாளுக்கு மட்டும் சாம்பார்ப் பொடியாடா?” என்றார் அத்தை.

அந்தப் பொடிக்குப் பாக்கியா வைத்த பெயரை நினைத்துப் பாருங்கள். ஈஸ்வரி மசாலா. ஈஸ்வரி அவளுடைய மாமியார்! தன் கையால் வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டி, தன் காலில் நிற்க முதல் அடி எடுத்துவைக்கும்போதும் லேபிளில் புருஷனைப் பெற்றவள். ஒரு வாரமாக இது என்னை விடவில்லை. பணிந்த மருமகளின் அடையாளம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தால், மாமியார் பெயரில் நடக்கிற வியாபாரத்தை மாமியாரே எப்படி எதிர்ப்பார்? அடுப்படியை விட்டு வெளியேற அடுப்படி வழியாகவே கதவு போட்டிருக்கிறாள். மெஸ் நடத்தியும் அப்பளம் இட்டும் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள் நம் தெருக்களில் கொஞ்சமா? யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர்கள் கையிலிருந்த ஒரே முதல், சமையல்.

கைத்தொழிலால் ஒரு பெண் தன் காலில் நிற்கும் கதையைப் பெருவில் 1969-லேயே தொடராக எடுத்துவிட்டார்கள். ‘சிம்ப்ளெமென்தே மரியா’வில் கிராமத்திலிருந்து லிமாவுக்கு வீட்டுவேலைக்கு வந்த மரியா, தையல் கற்று, உடை வடிவமைப்பாளராக உயர்ந்தாள். தொடர் ஓடிய நாடுகளில் சிங்கர் தையல் மெஷின் விற்பனை எகிறியது. தனக்கு எழுத்தறிவித்த வாத்தியார் எஸ்தெபானை மரியா மணக்கும் காட்சியை லிமாவின் ஒரு தேவாலயத்தில் எடுத்தபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பலர் கையில் கல்யாணப் பரிசு! மெக்சிகோவின் மிகேல் சபிதோ இந்த வெற்றியைக் கூர்ந்து படித்துச் சமூகச் சேதி சொல்லும் தொடர்கள் எடுத்தார். அந்த வழியில்தான் 1984-ல் நம் தூர்தர்ஷனுக்கு ‘ஹம் லோக்’ வந்தது. அதில் எல்லாம் பொறுத்துப்போகும் பகவந்தியை, ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டவே படைத்தார்கள். நேயர்கள் பலரோ அவளையே உத்தமி என்று கொண்டாடிவிட்டார்கள். எழுதுகிறவர் ஒன்று நினைக்க, பார்க்கிறவர் ஒன்று நினைக்கிறார்.

இனி நம் நாலு நாயகிகளின் மறுமணக் கேள்விக்கு வருவோம். ஸ்ரீமொயிக்கு ரோஹித் கிடைத்தார். அருந்ததிக்கு ஆஷுதோஷ். அனுபமாவுக்கு 2022-ல் அனுஜ். பாக்கியாவும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள், அங்கே நல்ல மனிதராகப் பழனிச்சாமி வந்தார், நடிகர் ரஞ்சித் அந்தப் பாத்திரத்துக்குக் கண்ணியமும் சேர்த்தார். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இரண்டாம் தாலி என்றால் தமிழ் வீடுகள் சேனலை மாற்றிவிடும் என்ற பயம்தான் காரணம் என்பது என் கட்சி.

அத்தை ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், “மாவ்ஷி” என்று கூப்பிட்டபடி பூரண்போளி டப்பாவோடு உள்ளே வந்தவள், ஆஷுதோஷின் பக்கம் நின்றாள். அருந்ததிக்கு அவ்வளவு நல்லவன் கிடைத்தானே என்று அவளுக்கு இன்னும் பூரிப்பு. அத்தை போளியைப் பிட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார்: “ஒருத்தனுக்கு வடிச்சுக் கொட்டினது போதாதா? இன்னொருத்தனுக்கும் டிபன் கட்டணுமா? அவ மாட்டேன்னதுதான் சரி.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை பேசுகிற அத்தைக்கே கோபி என்றால் சிரிப்பு முந்திக்கொள்கிறது. ‘பாவம், மாட்டிக்கிட்டு முழிக்கிறான்’ என்கிறார். பெண்டாட்டிக்குத் துரோகம் செய்த ஒருவன் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளை ஆனது எப்படி? அடுத்த வாரம் கோபி தப்ப முடியாது.

(தொடரும்)