ஓதிக்கொடுக்காத உஸ்தாத்

தாயும் தந்தையும் பிரிந்துபோன வீட்டிலிருந்து ஏழு வயதுப் பாலகன் ஒருவன் காலைப் பசியோடு பள்ளிக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கோ வகுப்பு நிறையப் பிள்ளைகள். அவனுக்கு யார் செவி கொடுப்பது?

ஆஸ்திரேலிய ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் இதற்கெனவே 'சேப்லின்' எனப்படும் சமயப் பணியாளர் இருக்கிறார். காலையில் ரொட்டி வாட்டிக் கொடுப்பார்; இடைவேளையில் உடன் விளையாடுவார்; மரணத்தாலோ, சக மாணவரின் கொடுமையாலோ மனம் நொந்த குழந்தையின் அருகே அமர்ந்து கேட்பார். தம் சக்திக்கு மீறியதை மனநல வல்லுநரிடம் ஒப்படைப்பார். ஆனால், தம் மதத்தை அங்கே போதிக்கக் கூடாது. அது கண்டிப்பான விதி.

2007இல் மத்திய அரசு இதற்குப் பள்ளியொன்றுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் வரை வழங்கத் தொடங்கியது. பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். டூவூம்பா நகரத்துத் தந்தை ரான் வில்லியம்ஸ் இதை எதிர்த்து வழக்காடி, 2012இலும் 2014இலும் அந்நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் வென்றார். மதத்தைக் காட்டிய வாதம் எடுபடவில்லை. அவ்வாறு நேரடியாக நிதியளிக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பு. பின்னர் மாநிலங்கள் வழியே பணம் சென்றது. 2023 முதல், சமயம் சாராத நல அலுவலரையும் பள்ளிகள் தேர்ந்துகொள்ளலாம்.

அத்தந்தையின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. அழுகிற குழந்தையின் உள்ளம் திறந்த கதவு, யாரும் நுழைந்துவிடலாம். எனினும், போதிப்பதை விடுத்துக் கேட்க மட்டுமே அமரும் அந்த ஒழுங்கு என்னை உறுத்துகிறது. மத்ரஸாவில் பாடம் ஒப்பிக்கத் திணறிய பிள்ளையிடம், "வீட்டில் என்ன வாப்பா நடந்தது?" என்று கேட்க எனக்குத் தோன்றியது வெகு தாமதமாகத்தான்.