மேடை ஏறும் பிள்ளைக்குப் பேருந்து உண்டு, பார்க்கும் பிள்ளைக்கு?

அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவின் பள்ளி அளவிலான போட்டிகளை முடித்து, வென்றவர்களின் பெயர்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றும் கெடு நெருங்கிவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வாசகர் கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை கர்நாடக எல்லையோர ஜவளகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவற்றில் ஒரே குழப்பம் பல விதமாக வெளிப்பட்டிருக்கிறது. "நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று மகள் சொல்கிறாள், பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார் ஒரு தாய். "என் பையன் எந்தப் போட்டியிலும் இல்லை, அவனையும் அழைத்துப் போவார்களா?" என்பது ஒரு தந்தையின் கேள்வி. "பிள்ளைகளைப் பெங்களூருவுக்கு நாடகம் பார்க்க அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறோம், இந்தத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டா?" என்று எழுதியிருக்கிறார் ஓர் ஆசிரியை.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்குப் போட்டிக் கட்டணம் கிடையாது. மற்ற இரண்டும்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: இடமில்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2022-23 கல்வியாண்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்தத் திருவிழா, பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்களும், தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கு வெளிநாட்டுச் சுற்றுலாவும் உண்டு. நாட்டுப்புறக் கலைகளை அரசுப் பள்ளி மேடைக்குக் கொண்டுவந்ததில் இதன் பங்கு பெரிது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

என்னை உறுத்துவது "பங்கேற்பு" என்ற சொல்லுக்கு அரசு கொடுக்கும் பொருள். லட்சக்கணக்கான மாணவர்கள் பங்கேற்றார்கள் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. வகுப்பறையில் சில நிமிடம் பாடி அன்றோடு நின்றுவிட்ட பிள்ளையும் அந்த எண்ணிக்கையில் ஒருவர், மாநில மேடைவரை போய் ஆடிய பிள்ளையும் ஒருவர். எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. எண்ணப்படுபவர்கள் எல்லோரும் நிகழ்த்தியவர்கள். எந்தப் பிள்ளை எந்த நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்த்தது என்பதை எவரும் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை.

பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் முன்னிலை பெறுபவர்கள் மட்டும் அடுத்த சல்லடைக்குப் போகிறார்கள். வண்டி ஏற்பாடாவதும் அவர்களுக்கு மட்டுமே. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். எல்லையோரத்தில் 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. அதில் 60 பேர் ஏதோ ஒரு போட்டியில் சேர்கிறார்கள். தனிப் போட்டிகளில் வென்றவர்களும் ஒரு நடனக் குழுவுமாக 20 பேர் தளி வட்டாரப் போட்டிக்குப் போகிறார்கள். அதில் எட்டுப் பேர் மாவட்டப் போட்டியை எட்டுகிறார்கள். மாநிலப் போட்டிக்கு ஒருவர் போனால் ஊரே கொண்டாடும். ஆனால் 200 பேரில் 180 பேர் பள்ளி வாசலைத் தாண்டவே இல்லை. உங்கள் பள்ளியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். கணக்கு கொஞ்சம் கூடலாம், குறையலாம், பெரும்பான்மை ஊரிலேயே நிற்பது மட்டும் மாறாது.

நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பிறர் ஆடுவதைப் பார்க்கும் வாய்ப்பு என்பது இதன் விளைவு. அந்த வாய்ப்பு அதிகம் தேவைப்படுவது யாருக்கு? கூச்சத்தால் கையைத் தூக்காத பிள்ளைக்கு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ லம்பாடியோ பேசிவிட்டு, தமிழில் மேடையேறத் தயங்கும் பிள்ளைக்கு. நல்ல கலைஞர் ஒருவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காத பிள்ளை எதைப் பார்த்து ஆசைப்படும்? பார்த்த பிறகுதானே ஆட வேண்டும் என்ற எண்ணமே வரும். நம் ஏற்பாடு அந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

ஜவளகிரியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஊரைச் சுற்றியுள்ள காடு, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. ராகி முற்றும் பருவத்தில், அக்டோபர், நவம்பர் தொடங்கி, கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் இறங்குகின்றன. இருட்டியபின் வெளியே வர வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கும் மாதங்கள் அவை. மேல் அடுக்குப் போட்டிகள் பல ஆண்டுகளில் அந்த மாதங்களை ஒட்டியே வருகின்றன. மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதன்பின் தளி, பிறகு காட்டுச் சாலை. பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும் என்பதால், தங்கள் முறை முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வண்டி ஏறுவதைத் தவிர இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. மாவட்ட மேடைவரை போன எட்டுப் பேருக்கும்கூட அடுத்த குழுவின் ஆட்டத்தைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை.

வெறுமனே பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இதன் வழிமுறை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜே கிரீனும் அவருடைய குழுவினரும், நாடகம் பார்க்க விண்ணப்பித்த பள்ளிக் குழுக்களிடையே குலுக்கல் நடத்தினார்கள். சீட்டு விழுந்த குழுக்கள் 'ஹேம்லட்' அல்லது 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாடகத்தை அரங்கில் பார்த்தன. விழாத குழுக்கள் பார்க்கவில்லை. திறமையோ மதிப்பெண்ணோ பார்த்துத் தேர்ந்தெடுக்காததால், பின்னர் தெரிந்த வேறுபாட்டுக்கு நாடகம்தான் காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது. கதையும் அதன் சொற்களும் பார்த்த பிள்ளைகளின் மனத்தில் நன்றாகப் பதிந்திருந்தன. பிறர் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அறிவதிலும், தம்மிலிருந்து வேறுபட்டவர்களைச் சகித்துக்கொள்வதிலும் அவர்கள் முன்னே நின்றார்கள். 2014இல் வெளியான முடிவு இது. 2018இல் வந்த தொடர் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு அதே கதையைத் திரைப்படமாகக் காட்டினார்கள். நேரில் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பயன் படம் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் கூத்தைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் குலுக்கலை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்பது என் கருத்து. வட்டாரப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் போகும் ஒவ்வொரு பள்ளிக்கும் போட்டியாளர்களின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பார்வையாளர் இருக்கைகளை ஒதுக்க வேண்டும். மேடையேறாத பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். சென்ற முறை போனவர்களின் பெயர் இந்த முறை சேராது. யார் போனார்கள் என்று எமிஸில் ஒரு பதிவு. கூடுதல் செலவு, வேனுக்குப் பதிலாக ஒரு பேருந்தும் சில சாப்பாட்டுப் பொட்டலங்களும்தான்.

பெங்களூரு பற்றி எழுதிய ஆசிரியைக்கு வருகிறேன். அவருடைய ஆசை மிகச் சரியானது. சென்னை அரங்குகள் ஓசூரிலிருந்தே 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, ஜவளகிரிக்கு ஆனேக்கல் வழியாகப் பெங்களூரு கூப்பிடு தூரம். அங்கே ஜே.பி. நகரில், நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று எழுப்பிய ரங்க சங்கரா அரங்கம் 2004 முதல் இயங்கிவருகிறது. சிறுவர் நாடகங்களுக்கென்று 2006இல் அவர்கள் தொடங்கிய 'ஆஹா' திட்டத்தில் பள்ளிக் குழுக்களுக்கான காட்சிகளும் உண்டு. கன்னட நாடகம் சென்னைப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம். ஜவளகிரிப் பிள்ளைக்குப் புரியும். இரண்டு மூன்று மொழிகள் காதில் விழ வளர்வதை நம் பாடத்திட்டம் இந்தப் பிள்ளைகளின் குறையாகவே பார்த்துவந்திருக்கிறது. அரங்கில் அதுவே அவர்களுக்குப் பலம்.

எல்லை தாண்டாமலும் வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, பிறகு துரியோதனன் படுகளம். எல்லையோர ஊர்களில் கன்னடத்திலும் தெலுங்கிலும் புராண நாடகம் ஆடும் வழக்கமும் உண்டு. கோடையில் பள்ளிக்கு விடுமுறை, கூத்து விடிய விடிய நடப்பது என்று இரண்டு தடைகள். இரண்டையும் கலைஞர்களே தீர்த்துத் தருவார்கள்: ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்தைப் பகலில் ஆடக்கூடிய குழுக்கள் வடமாவட்டங்களில் இருக்கின்றன. குழுவைப் பள்ளிக்கே வரவழைத்தால் பேருந்தும் வேண்டாம், யானைப் பயமும் இல்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் அரங்கத்தின் நடிகர்கள் 1965இலேயே பள்ளிகளைத் தேடிப் போனார்கள். இந்தியாவில் 1977இல் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேக்கே அமைப்பு, பெரும் கலைஞர்களைக் கல்விக்கூடங்களுக்கு அழைத்துவருகிறது. ஆனாலும் ஊரைவிட்டுப் போய், விளக்கு அணைந்த அரங்கில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்குப் பள்ளிக்குள்ளேயே பார்ப்பது ஈடாகாது. பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தமிழ்நாட்டு வாடகைப் பேருந்து கர்நாடகத்துக்குள் போகலாமா? அகில இந்தியச் சுற்றுலா அனுமதியோ சிறப்பு அனுமதியோ வேண்டும். அனுமதிச் சீட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாடகச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டா? ஒருவருக்கு 500 ரூபாய் வரை இல்லை.

கூத்துக் குழுவுக்குக் கொடுக்கும் தொகைக்கு? நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சி ஒன்றுக்குக் கலைஞர் பெறும் தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இல்லை.

பெற்றோர் ஒப்புதல்? எழுத்தில் வேண்டும்; மாணவிகள் போகும் பயணத்தில் ஆசிரியையும் வேண்டும்.

பள்ளியின் சொந்தப் பேருந்தில் உதவியாளர் கட்டாயமா? கட்டாயம், 2012ஆம் ஆண்டின் பள்ளிப் பேருந்து விதிகள் அதைச் சொல்கின்றன.

எந்த மாதம் நல்லது? யானைகள் வருவதற்கு முந்தைய மாதங்கள். பகல் காட்சி மட்டும்.

பார்வையாளர் இருக்கையை யாரிடம் கேட்பது? இதற்கு ஒரு வரி போதாது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அதிகாரிகள் மறந்ததைக் கேட்கும் உரிமை அந்தக் குழுவுக்கு இருக்கிறது. போட்டியில் இல்லாத பிள்ளைகளையும் குலுக்கல் முறையில் வட்டார, மாவட்ட நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளராக அழைத்துச் செல்ல வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதி, தளி வட்டார வள மையத்துக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.