விசைப்படகு அனுப்பும் வானலைச் செய்தி

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய தளங்களிலிருந்து பாக் நீரிணைக்குள் செல்லும் விசைப்படகுகள், கைபேசிக் கோபுரங்களின் வீச்சைத் தாண்டிய பின் தம் இருப்பிடத்தைக் கரைக்குத் தெரிவிக்க உதவுவது, அதைத் தானே கணித்து வானலையில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு கருவியாகும். 1974-இல் வகுக்கப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கு அருகே தொழில் செய்வோர், அக்கருவி எதை அனுப்புகிறது, அதை யார் படிக்கிறார்கள் என்பதை அறிந்திருப்பது அவசியம்.

இவ்வகையில் மூத்தது, கப்பல்களுக்காகத் தோன்றி மீன்பிடிப் படகுகளுக்கும் வந்துசேர்ந்த ஏ.ஐ.எஸ். எனும் தானியங்கி அடையாள முறை. சிறு கலங்களுக்கான ஏ.ஐ.எஸ். கருவி, இந்தியக் கலமாயின் 419 என்று தொடங்கும் 9 இலக்க அடையாள எண்ணையும், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், செல்திசை ஆகியவற்றையும், ஓடும்போது ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒருமுறை, 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒலிபரப்புகிறது. மோதலைத் தவிர்ப்பதே முதல் நோக்கமாதலால், உரியவர் மட்டும் படிக்கும்படி செய்தியை உருமாற்றும் மறையாக்கம் இதில் இல்லை. ஏற்பி வைத்திருக்கும் எவரும், கடலோரக் காவல்படையினரோ, எதிரே வரும் சரக்குக் கப்பலோ, போட்டிப் படகுக்காரரோ, அதைப் படித்துவிடலாம். மீன்பாடு மிகுந்த இடத்தை அயலாருக்குச் சொல்லாமல் காக்க விரும்பும் மீனவருக்கு இது சங்கடமான கருவிதான்.

இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரோ, அக்கம்பக்கத்துக்கு அறிவிக்காமல், 6 மீட்டர் விட்டமுள்ள விரியும் ஆன்டெனாவுடன் 2015-இல் ஏவப்பட்ட ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் அனுப்புகிறது. படகிலுள்ள கைபேசி, குறுந்தூர வானலைத் தொடர்பான புளூடூத் மூலம் இதனுடன் இணைந்து, செய்தியை எழுதவும் படிக்கவும் உதவுகிறது. கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கியது.

எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பதும் ஆபத்தில் உதவி கோருவதும் இக்கருவியின் பயன்கள். ஆயினும் அதே இருப்பிடத் தகவல் அதிகாரிகளின் திரையிலும் தெரிவதால், உதவியும் கண்காணிப்பும் இதில் பிரிக்க முடியாதவை. எண்களுக்கு ஒரு குறையும் உண்டு: எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் எல்லை தாண்டிய படகையும் தெரிந்தே தாண்டிய படகையும் வேகத்தைக் கொண்டு ஓரளவே பிரித்தறியலாம். ஆகவே இக்கருவியின் பெரும் வசதி, காரணத்தைப் படகோட்டி அப்போதே குறுஞ்செய்தியாகக் கரைக்கு எழுதிவிட முடிவதே எனலாம்.